எலிக்குள் ஒரு விளக்கு: அப்கன்வெர்ஷன் துகள் குப்பி வாங்கலாமா?

எலிக்கு ஊசியில் செலுத்தி அதன் உள்ளுறுப்புகளைப் படம் எடுக்க உதவும், ஒளிரும் நானோ துகள் குப்பி இது. உள்ளே இருப்பது ஒரே ஒரு மில்லிலிட்டர். தண்ணீர் நிறைய விட்ட மோர் மாதிரி லேசாக வெளிறிய திரவம். 980 நானோமீட்டர் லேசரைக் காட்டினால் அதற்குள் நீல நூல் ஓடுவது போல ஒரு கோடு தெரியும். விற்பவர்கள் அனுப்பும் படத்தில் இருப்பதும் இந்த நீலம்தான். அதைப் பார்த்து மயங்கி ஆர்டர் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 475 நானோமீட்டர் நீலம் எலியின் தோலைத் தாண்டி வெளியே வராது, ரத்தம் குடித்துவிடும். உடலுக்குள்ளிருந்து நமக்கு வந்து சேர்வது அதே துகள் 800 நானோமீட்டரில் விடும் ஒளி. அது நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

இங்கே மதிப்பிடுவது சோடியம் யிட்ரியம் ஃப்ளோரைடு படிகத்தில் யிட்டர்பியமும் துலியமும் கலந்து, மேலே கலப்பில்லாத ஓடு போட்டு, பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற பாலிமரைப் பூசி, தண்ணீரில் கலக்கி விற்கப்படும் வகையை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் இதை வாங்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சரக்கு நல்லது, லேபிள் அரைகுறை. குப்பியை மட்டும் வாங்கினால் பாதி வாங்கியதாகத்தான் கணக்கு. மீதிப் பாதி லேசரிலும் ஃபில்டரிலும் இருக்கிறது.

இதில் என்ன விசேஷம்? சாதாரண சாயத்துக்கு நீல ஒளியோ பச்சை ஒளியோ கொடுத்தால் எலியின் தோலும் குடலில் கிடக்கும் தீவனமும் கூடவே ஒளிரும். தீவனத்தில் குதிரைமசால் இருந்தால் அதன் பச்சையம் 675 நானோமீட்டர் வாக்கில் சிவப்பாக ஒளிர்ந்து, வயிற்றில் கட்டி இருப்பது போலவே படம் காட்டும். அப்கன்வெர்ஷன் துகளோ நீண்ட அலைநீளத்தை வாங்கிக் குட்டை அலைநீளத்தைத் திருப்பித் தருகிறது. இரண்டு ஃபோட்டானை விழுங்கி ஒன்றாகத் துப்பும் இந்த வேலையை லேசர் தரும் இந்த அளவு ஒளியில் உடலில் வேறு எதுவும் செய்யாது. அதனால் பின்னணி கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. இதன் ஒளித்திறன் குறைவு. ஓடு போடாத சிறு துகள்களில் உள்ளே போகும் ஒளியில் 1 சதவீதம்கூட வெளியே வராது. பின்னணி கறுப்பாக இருப்பதால்தான் அந்தச் சொற்ப வெளிச்சமும் போதுமானதாகிறது.

நம் மாவட்டத்துக்காரர்கள் யிட்ரியம், யிட்டர்பியம், துலியம் என்ற பெயர்களைக் கேட்டதும் மணவாளக்குறிச்சியை நினைப்பார்கள். நியாயம்தான். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததிலிருந்து அரிய மண் உலோகம் என்றாலே நம் ஊர் பெயரும் வரும். ஆனால் மோனசைட்டில் அள்ளிக் கிடைப்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம். இந்தக் குப்பிக்கு வேண்டிய யிட்ரியம் அதில் கொஞ்சம்தான். யிட்டர்பியமும் துலியமும் பெயருக்குத்தான் இருக்கும். ‘அப்படியானால் இதிலும் கதிர்வீச்சு உண்டா?’ என்று கேட்பவர்களுக்கு: மோனசைட்டின் கதிர்வீச்சுக்குக் காரணம் அதிலுள்ள தோரியம். பிரித்துச் சுத்தம் செய்த உலோக உப்பிலிருந்து செய்யும் இந்தத் துகளில் அது கிடையாது.

லேபிளில் மூன்று எண்கள் இருக்கும்: அளவு, அடர்த்தி, ஒளிரும் அலைநீளம். மூன்றாவது மட்டும் அப்படியே நம்பக்கூடியது.

அளவு 30 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் அது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உலர்ந்த துகளை அளந்தது. ரத்தத்தில் ஓடுவது பெக் மேலங்கியும் அதை ஒட்டிய தண்ணீரும் சேர்ந்த உருவம். ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் டி.எல்.எஸ். கருவியில் போட்டால் அது 50, 60 என்று காட்டும், அதில் தவறில்லை. 150-க்கு மேல் காட்டினாலோ, அளவுகள் எவ்வளவு சீரற்றவை என்று காட்டும் பி.டி.ஐ. எண் 0.2-ஐத் தாண்டினாலோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்று பொருள். டி.எல்.எஸ். இல்லாதவர்களுக்கு ஒரு ஏழை வழி உண்டு. குப்பியை ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். தனித்தனியாக இருக்கும் 30 நானோமீட்டர் துகள் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குகூட இறங்காது. ஒரு மைக்ரோமீட்டர் கட்டியாகிவிட்டால் அதே நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். காலையில் அடியில் வெள்ளைப் படலம் இருந்தால் படம் எடுத்து அனுப்பி மாற்றுக் குப்பி கேளுங்கள். குலுக்கி மறுபடி கலக்கிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டி எலியின் நுரையீரல் நாளங்களில் போய் அடைக்கும்.

அடர்த்தியில்தான் பெரிய ஏமாற்று. ‘மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம்’ என்பது படிகத்தின் எடையா, மேலங்கியும் சேர்ந்ததா என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. சேர்ந்தது என்றால் உண்மையான ஒளிரும் பொருள் கணிசமாகக் குறையும். யிட்ரியம் எவ்வளவு என்று, தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் அளந்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

கணக்கும் போட்டுவிடுவோம். 25 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிகிராம், அதாவது குப்பியிலிருந்து நேராக 100 மைக்ரோலிட்டர். காகிதத்தில் ஒரு குப்பிக்குப் பத்து எலி. வடிகட்டுவதில் போவது, ஊசியின் கழுத்தில் நிற்பது, சோதனைக்கு எடுப்பது எல்லாம் கழித்தால் ஆறு அல்லது ஏழுதான். ஆய்வுத் திட்டத்தில் ‘பத்து’ என்று எழுதிவிட்டுப் பிறகு விழிப்பதைவிட முதலிலேயே இரண்டு குப்பிக்குப் பணம் கேளுங்கள். இரண்டும் ஒரே லாட் எண்ணாக இருக்கட்டும்.

வந்து சேர்வதும் வைத்திருப்பதும்

இதற்குக் குளிர் வேண்டும், உறைதல் கூடாது. ஒருமுறை உறைந்து உருகினால் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சோனிகேட் செய்தாலும் (மீயொலியால் கலக்கினாலும்) பழைய நிலை வராது. ஜெல் பையைக் குப்பியோடு ஒட்டி வைத்து அனுப்பும் அனுபவமில்லாத பேக்கிங்கில் இதுதான் நடக்கிறது. குப்பிக்கும் ஜெல் பைக்கும் நடுவில் தெர்மோகோல் தடுப்பு கேளுங்கள். திங்கட்கிழமை அனுப்பச் சொன்னால் வார இறுதியில் கூரியர் கிட்டங்கியில் கிடக்காது. டிசம்பர் மாதம் இங்கே ஆபத்தான மாதம்: 3-ம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை, கடைசி வாரம் கிறிஸ்துமஸ். அந்த நாட்களில் பெட்டி வந்தாலும் வாங்கிவைக்கக் கல்லூரியில் ஆள் இருக்காது.

ஃபிரிட்ஜில் வைக்கும்போது பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறையும். கதவுத் தட்டு போதும், 4 டிகிரி வாக்கில் இருந்தால் சரி. நாலு மணி நேரம் கரண்ட் போனால் இந்தத் துகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த விஷயத்தில் புரதச் சரக்கைவிட இது தாராளமானது.

அடுத்த தவறு எல்லா ஆய்வகத்திலும் நடப்பது: பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் கலக்குவது. உயிரணு வேலை செய்பவர்களுக்குக் கை தானாக அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். பாஸ்பேட் அயனிக்கும் அரிய மண் உலோகத்துக்கும் ஒட்டுதல் அதிகம். அது துகளின் மேற்பரப்பைப் பிடித்து மேலங்கியைத் தள்ளிவிடும். நீர்த்த கரைசலில் நாள்பட வைத்தால் படிகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். முதலில் துகள் திரண்டுபோகும், பிறகு ஒளி குறையும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில், ஊசி போடுவதற்குச் சற்று முன்பு கலக்குங்கள். பெக் எந்தப் பிடியால் துகளில் ஒட்டியிருக்கிறது என்பதையும் கேட்டுவைக்கலாம். கார்பாக்சில் பிடியைவிடப் பாஸ்போனேட் பிடி உறுதியானது, விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

கலக்கியதைச் சாதாரணக் குளியல் சோனிகேட்டரில் 5 நிமிடம் வைத்தால் போதும். புரோப் சோனிகேட்டர் வேண்டாம். மேலங்கியைக் கிழிக்கும், நுனியிலிருந்து டைட்டானியம் தூளும் விழும். பிறகு 0.22 மைக்ரோமீட்டர் ஃபில்டர். வடிகட்டும்போது கை கனத்தால் துகள் திரண்டிருக்கிறது என்று அர்த்தம், அழுத்தித் தள்ளக் கூடாது. வடிகட்டிய பின் அடர்த்தி மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எலிக்கு முன் கோழி

விலங்கு வேலையை எந்த ஆய்வகத்திலும் செய்துவிட முடியாது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வின் பதிவும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும் உள்ள இடம் வேண்டும். நம் பக்கத்து வேதியியல், இயற்பியல் துறைகள் துகளைத் தயார் செய்து சோதித்துவிட்டு, எலிப் பகுதியைத் திருவனந்தபுரத்திலோ வேறிடத்திலோ பதிவு பெற்ற நிறுவனத்தோடு கூட்டாகச் செய்வதுதான் நடைமுறை. ஆனால் அங்கே போவதற்கு முன் இங்கேயே முடிக்கக்கூடிய சோதனை நிறைய இருக்கிறது. அதற்கு இறைச்சிக் கடையில் கால் கிலோ பிராய்லர் நெஞ்சுக்கறி போதும்.

கண்ணாடி நுண்குழாய் இரண்டு எடுங்கள். ஒன்றில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் துகள், மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டையும் அருகருகே வைத்து, மேலே 2, 5, 10 மில்லிமீட்டர் தடிமனில் கறித்துண்டை மாற்றி மாற்றி வையுங்கள். தடிமன் சீராக வர வேண்டுமானால் கறியை அரைகுறையாக உறையவைத்து வெட்டி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் 1, 5, 30 நொடி படம். கோழிக்கறியில் ரத்தம் வடிந்துபோயிருக்கும்; அதனால் கறியில் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் தெரிந்தது உயிருள்ள எலியில் அவ்வளவு தெரியாது. கறியில் 5-லேயே தடுமாறினால் எலிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இதில் முக்கியமானது தண்ணீர்க் குழாய். அது படத்தில் மினுங்கினால் நீங்கள் பார்ப்பது துகளை அல்ல, லேசரின் கசிவை. சிலிக்கன் கேமரா 980-ஐயும் ஓரளவு பார்க்கும். லேசரோடு ஒப்பிட்டால் துகளின் ஒளி கோடியில் ஒரு பங்காக இருக்கலாம்.

கசிவைக் கண்டுபிடிக்க இன்னும் கூர்மையான வழி ஒன்று இருக்கிறது, இந்தச் சரக்கை வாங்கும் எல்லோரும் செய்ய வேண்டியது. லேசர் சக்தியைச் சரிபாதியாகக் குறையுங்கள். துலியத்தின் 800 ஒளி இரண்டு ஃபோட்டான் சேர்ந்து வருவது. ஆகவே சக்தி பாதியானால் ஒளி கால் ஆக வேண்டும். கொஞ்சம் கூடி 30 சதவீதம் என்று வந்தாலும் ஏற்கலாம், அதிக சக்தியில் துகள் நிறைவடைவதால் அப்படி ஆகும். சரிபாதியே வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அது லேசர். அழகான எலிப் படங்கள் பலவற்றை இந்த ஒரு சோதனை சாய்த்துவிடும்.

இதே கணக்கில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காலையில் 1 வாட், மாலையில் 0.9 வாட் என்று லேசர் தளர்ந்தால் சிக்னல் 19 சதவீதம் விழும். அதை ‘துகள் உடலிலிருந்து வெளியேறுகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு நுண்குழாயை வைத்து அதோடு ஒப்பிடுங்கள்.

லேசரும் ஃபில்டரும்

விளக்கும் ஃபில்டர் சக்கரமும் வைத்து ஓடும் வழக்கமான எலிப்பட இயந்திரங்களில் 980 லேசர் இருக்காது. கூட்டாக வேலை செய்யும் நிறுவனத்தில் ‘இமேஜர் இருக்கிறது’ என்று சொன்னால் அதோடு மகிழ்ந்துவிடாமல் லேசர் இருக்கிறதா, உள்ளே ஃபைபர் நுழைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். குப்பி வாங்கியவர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

தோல் தாங்கும் வரம்பு 980-ல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.72 வாட், இன்னொரு வகைத் துகளுக்குப் பயன்படும் 808 லேசரில் 0.33. ஒளிப்பொட்டு 2 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 3.14, 2 வாட் லேசர் அங்கே 0.64 தரும், வரம்புக்குள். ஆனால் வரம்புக்குள் இருப்பதும் சுடாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஊரில் நாம் வெள்ளம் என்று சொல்லும் அதே தண்ணீர்தான் 980-க்கு எதிரி: ஒரு சென்டிமீட்டருக்கு 0.48 என்ற அளவில் உறிஞ்சும். 808-ல் அது 0.02 வாக்கில்தான். விடாமல் அடித்தால் தோல் சூடேறும், ஒளியும் ஆழத்துக்குப் போகாது. ஒரு நொடி அடித்து நாலைந்து நொடி விடுவது நல்ல வழக்கம்.

‘அப்படியானால் 808-ல் வேலை செய்யும் நியோடிமியம் கலந்த துகளை வாங்கலாமே, அது நம் மணவாளக்குறிச்சிச் சரக்கும்கூட’ என்று தோன்றும். சூட்டுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் துலியம் விடும் ஒளி 800. 808 அடித்து 800-ஐப் பிரித்தெடுக்க எந்த ஃபில்டராலும் முடியாது. ஆகவே அந்த வகையில் எர்பியம் சேர்த்து 540 பச்சையையும் 655 சிவப்பையும் எடுப்பார்கள், அவை ஆழத்திலிருந்து வராது. தோலுக்கடியில் உள்ள நிணநீர்க் கணுவுக்கு 808 வகை, கல்லீரலுக்கும் அதற்கு அடியிலும் 980 வகை. இரண்டுக்கும் ஒரே குப்பி என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

கேமராவின் முன் 850-க்குக் கீழே மட்டும் விடும் ஷார்ட்-பாஸ் ஃபில்டர், 980-ல் ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 6-க்குக் குறையாமல். ஒன்று போதாவிட்டால் இரண்டு. லேசரின் வாயிலும் 950-க்கு மேலே மட்டும் விடும் லாங்-பாஸ் ஒன்று போடுங்கள். மலிவான டயோடுகள் 980-ஐத் தவிரக் குட்டை அலைநீளத்திலும் மங்கலாக ஒளிவிடும், அது நேராக உங்கள் 800 ஜன்னலுக்குள் வரும். அகலக்கோண லென்ஸ் வேண்டாம். சாய்வாக வரும் ஒளிக்கு ஃபில்டரின் எல்லை குட்டை அலைநீளப் பக்கம் நகர்வதால் படத்தின் ஓரங்கள் இருண்டுபோகும், அதைக் கண்டு ‘வாலில் துகள் இல்லை’ என்று முடிவு கட்டுவீர்கள். அறையில் சிசிடிவி கேமரா இருந்தால் மூடுங்கள். இருட்டில் அது 850-ல் விளக்கடிக்கும். கடல் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஃபில்டரில் பூஞ்சை பிடிப்பது இங்கே சர்வசாதாரணம், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். 980 கண்ணுக்குத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கு ஓ.டி. 5-க்குக் குறையாத கண்ணாடி இல்லாமல் லேசரைப் போடவே கூடாது. கறுப்புக் கண்ணாடி எல்லாம் பாதுகாப்பு ஆகாது.

எலியிடம் வரும்போது வேலை வழக்கமானதுதான். வெள்ளை பால்ப்-சி வகை போதும். கறுப்பு எலியின் மெலனின் லேசரைக் குடித்துச் சூடாகும். முதல் நாளே மயிர் நீக்கிவிடுங்கள், கிரீமின் சிவப்பு அடங்கட்டும். வாலை 40 டிகிரி தண்ணீரில் காட்டி நாளத்தை விரித்து, 29 கேஜ் ஊசியில் 100 மைக்ரோலிட்டர் மெதுவாக. ஐசோஃபுளூரேன் என்ற மயக்க மருந்தில் 3 சதவீதத்தில் தூங்கவைத்து 1.5-ல் வைத்திருக்கலாம். ஊசி போடாமல் லேசர் மட்டும் அடித்த எலி ஒன்று கட்டாயம் வேண்டும்.

சில நிமிடங்களிலேயே கல்லீரலும் மண்ணீரலும் பளிச்சென்று ஆகும். அது வெற்றி இல்லை; 5.5 நானோமீட்டருக்குப் பெரிய எந்தத் துகளையும் சிறுநீரகம் வெளியே விடாது, கல்லீரல் பிடித்துக்கொள்ளும். இந்தத் துகள் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதே எலியில் அடுத்த வாரம் இரண்டாவது ஊசி போட்டு ஒப்பிடும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள்.

மற்ற சரக்குகளோடு சுருக்கமாக. நாளத்தையோ நிணநீரையோ பத்து நிமிடம் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இண்டோசயனின் கிரீன் போதும். மனிதருக்கே 1959 முதல் அனுமதிக்கப்பட்ட சாயம், மலிவு. ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகும், கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். காட்மியம் குவாண்டம் டாட் என்ற ஒளிரும் நானோ படிகம் பிரகாசத்தில் இதை எளிதாக ஜெயிக்கும், பின்னணியிலும் நச்சுக் கேள்வியிலும் தோற்கும். குரோமியம் கலந்த துத்தநாக காலேட் என்ற நீடித்து ஒளிரும் வகை, லேசரே இல்லாமல், முன்பே வெளிச்சம் ஏற்றி ஊசி போட்டு இருட்டில் படம் எடுக்க உதவும், சிவப்பு எல்.இ.டி.யால் தோலுக்கு மேலிருந்தே மறுபடி ஏற்றலாம். லேசருக்குப் பணமில்லாத ஆய்வகம் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. அதற்கு நல்ல இருட்டறையும் குளிரூட்டிய கேமராவும் வேண்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஓட்டின் தடிமன் எத்தனை நானோமீட்டர் (2-க்குக் கீழே என்றால் தண்ணீர் ஒளியை அணைத்துவிடும்), படிகம் அறுகோண வகையா கனசதுர வகையா (அறுகோணம்தான் பல மடங்கு பிரகாசம்), பிரகாசத்தை எந்த லேசர் அடர்த்தியில் அளந்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டில் அளந்த எண்ணைக் காட்டினால் எலியின் மேல் அதற்கு மதிப்பில்லை, 0.5 வாட்டில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.